‘பழகிவிடும்’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு

(நீண்ட பதிவு. மிதிவண்டி வாங்க நினைப்போரும், தொழில்நுட்ப வரலாறு பயில்வோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

பருவமழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் முதுகலை பயிலும் மாணவி ஒருவர் தம் புதிய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சொந்த ஊர் இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாறு. பெற்றோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். பல மாத உதவித்தொகையைச் சேர்த்துவைத்து வாங்கிய முதல் ரோடு பைக் அது. மெல்லிய டயரும் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியுமாக அழகாகவே இருந்தது. ஆனால் மூன்று வாரம் ஓட்டியதில் அவருக்கு உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முழங்காலின் முன்பக்கம் குத்தியது. வாங்கிய கடையில் முறையிட்டபோது கிடைத்த மறுமொழி ஒரே ஒரு சொல்: “பழகிடும்.”

அவருடைய உயரம் 154 சென்டிமீட்டர். வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருந்த எண் 54. அந்த அளவு அவரைவிட ஒரு சாண் உயரமானவர்களுக்கு உரியது. கைப்பிடி எட்டவில்லை என்பதற்காக யாரோ இருக்கையை முன்னுக்குத் தள்ளி இறுக்கியிருந்தனர். அதனால் கைப்பிடி சற்று எட்டியது. ஆனால் முழங்கால் மிதிக்கு முன்னே சென்றுவிட, ஒவ்வொரு மிதிப்பின் பாரமும் முழங்கால் சில்லின்மீது விழுந்தது. “எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை போலிருக்கிறது அக்கா. விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார்.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அவர் பட்ட வலியைவிட அவர் சொன்ன அந்த வாக்கியம்தான். வண்டி பொருந்தவில்லை என்பதை, தாம் வண்டிக்குப் பொருந்தவில்லை என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார். இந்தத் தலைகீழ்ப் புரிதல் அவருடைய தனிப்பட்ட பிழையன்று. ஒன்றரை நூற்றாண்டு மிதிவண்டி வரலாற்றில், குறிப்பாக இந்தியாவில் மிதிவண்டி பரவிய முறையில், அதற்கு வேர் இருக்கிறது.

1. கால் நீளமே வேகமாக இருந்த காலம்

உடலளவுக்கு ஏற்ப மிதிவண்டியைத் தேர்வது அண்மைக்கால ஆடம்பரம் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. 1817-இல் ஜெர்மனியின் கார்ல் டிரைஸ் உருவாக்கிய இருசக்கர ஓடுபொறியில் மிதியே இல்லை. அமர்ந்தபடி தரையைக் காலால் உந்திச் செல்லவேண்டும். கால் தரையைத் தொடாவிட்டால் வண்டி நகராது. ஆகவே இருக்கையின் உயரம் ஓட்டுபவரின் காலோடு ஒத்துப்போயே தீரவேண்டும்.

1870-களில் இங்கிலாந்தில் பரவிய உயரச்சக்கர வண்டியில் இந்த உறவு இன்னும் இறுகியது. அதில் மிதி முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. மிதியை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறைதான் சுற்றும். எனவே வேகம் வேண்டுமானால் பெரிய சக்கரம் வேண்டும்; எவ்வளவு பெரிய சக்கரம் என்பதை ஓட்டுபவரின் கால் நீளமே முடிவுசெய்தது. ஏறத்தாழ 48 முதல் 60 அங்குலம் வரையிலான சக்கரங்களுள் தம் காலுக்கு எட்டும் பெரியதைத் தேர்ந்தனர். நெட்டைக்காலர் விரைந்தனர், குட்டைக்காலர் பின்தங்கினர். நீண்ட பாவாடை அணியும் பெண்கள் ஏறக்குறைய முற்றாகவே வெளியே நிறுத்தப்பட்டனர்.

இந்தப் பிணைப்பை அறுத்தது சங்கிலி. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கவென்ட்ரி நகரில் அறிமுகப்படுத்திய ‘ரோவர்’ வண்டியில் மிதி நடுவில் இருந்தது. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் உள்ள விகிதம் வேகத்தைத் தீர்மானித்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் குறுக்குத்தண்டு இல்லாத, பாவாடையுடன் ஏறத்தக்க பெண்கள் வண்டியும் கடைகளுக்கு வந்தது. உயரம் குறைந்தவரும் நெட்டையரைப்போலவே விரையலாம் என்பதே சங்கிலி தந்த பெரிய விடுதலை.

ஆனால் அந்த விடுதலையில் ஒரு முரண் ஒளிந்திருந்தது. உயரச்சக்கர வண்டியைக் கால் அளவு பார்க்காமல் விற்கவே இயலாது. சங்கிலி வண்டியை விற்கலாம். எட்டினாலும் எட்டாவிட்டாலும் வண்டி நகரும். அளவு பார்க்கவேண்டிய கட்டாயம் போனவுடன், அளவு பார்க்கும் வழக்கமும் தளரத் தொடங்கியது.

2. ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி

டேவிட் அர்னால்ட் 2013-இல் வெளியிட்ட ‘எவ்ரிடே டெக்னாலஜி’ என்ற நூல், தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, மிதிவண்டி, அரிசி ஆலை ஆகிய சிறு இயந்திரங்களின் வழியே இந்திய நவீனத்துவத்தை விளக்க முயல்கிறது. இரயிலும் தந்தியும் அரசின் கருவிகள்; இச்சிறு இயந்திரங்களோ மக்கள் தாமே கையாண்டு தம் வாழ்வுக்கேற்ப வளைத்துக்கொண்டவை என்பது அவர் கவனப்படுத்தும் செய்தி. மிதிவண்டியைப் பொறுத்தவரை இதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: மக்கள் இயந்திரத்தை வளைத்த அளவுக்கு இயந்திரமும் மக்களின் உடலை வளைத்தது.

இந்தியாவுக்கு முதலில் வந்தவை ராலே, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், ஹம்பர் போன்ற பிரிட்டானிய வண்டிகள். விடுதலைக்குப் பின் உள்நாட்டு உற்பத்தி விரிந்தது. 1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ ஆகியவை தோன்றின. இவற்றின் அடிப்படை வடிவம் ஒன்றே: 28 அங்குலச் சக்கரம், 22 அல்லது 24 அங்குலச் சட்டகம், கம்பி பிரேக், கனத்த கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு. வளர்ந்த ஆண் ஒருவர் நிமிர்ந்து அமர்ந்து, பின்னால் மூட்டையும் முன்னால் குழந்தையும் ஏற்றிச் செல்வதற்கான வண்டி அது.

அதைக் குறைகூறுவது எளிது. அதன் நியாயத்தையும் காணவேண்டும். உடைந்தால் எந்தச் சந்திப்பிலும் உதிரிபாகம் கிடைக்கும். எந்தக் கடைக்காரருக்கும் பழுதுபார்க்கத் தெரியும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிவரை பாலும் இளநீரும் கோழித்தீவனமும் சுமந்த வண்டி அதுவே. மேலும் அந்நாளில் மிதிவண்டி தனியாள் உடைமையாக இருக்கவில்லை; வீட்டின் உடைமையாக இருந்தது. தந்தை காலையில் வேலைக்கும், மூத்த மகன் மாலையில் ரேஷன் கடைக்கும், மாமா வந்தால் மாமாவும் எடுத்துச் செல்வர். வாடகைக் கடையின் வண்டியோ ஊருக்கே பொது. பத்துப் பேர் ஓட்டும் வண்டியை எந்த ஒருவரின் காலுக்கு அளவெடுப்பது? இருக்கையின் திருகாணி துருவேறி நின்ற இடமே அனைவருக்கும் பொது உயரமாயிற்று.

‘பழகிவிடும்’ என்ற சொல் இந்தச் சூழலில் பிறந்தது. இரண்டே அளவு கிடைத்த சந்தையில், பலர் பகிர்ந்த ஒரே வண்டியில், உடல்தான் இணங்கவேண்டும் என்பது அன்றைய உண்மை. அதை உடலியங்கியலின் விதியாக எடுத்துக்கொண்டதே நம் பிழை.

3. குரங்குப் பெடல் என்னும் ஆவணம்

இந்த இணக்கத்தின் உச்சம் குரங்குப் பெடல். குறுக்குத்தண்டின் மேலே காலைத் தூக்கிப் போட முடியாத சிறுவர், தண்டின் அடியில் சட்டகத்தின் முக்கோணத்துக்குள் வலக்காலை நுழைத்து, உடலை ஒருபுறம் கோணி, வண்டியை மறுபுறம் சாய்த்து ஓட்டும் முறை அது. நானும் அப்படித்தான் கற்றேன். அப்பாவின் 24 அங்குல வண்டி. வேலந்தாவளம் சாலையின் ஓரத்துத் தென்னந்தோப்பு. இடக்கை கைப்பிடியில், வலக்கை இருக்கையை அணைத்தபடி. முழுச்சுற்று வராது, அரைச்சுற்று மிதித்துப் பின்னுக்கு எடுத்து, மீண்டும் அரைச்சுற்று. முழங்காலில் அன்று ஏற்பட்ட தழும்பு இன்றும் இருக்கிறது.

தமிழ் நினைவெழுத்தில் குரங்குப் பெடல் பெரும்பாலும் இளமையின் இனிமையாகவே வருகிறது. இராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையைத் தழுவிக் கமலக்கண்ணன் இயக்கிய ‘குரங்கு பெடல்’ திரைப்படம் 2024-இல் வெளிவந்தபோது, திரையரங்கில் எனக்கருகே அமர்ந்திருந்த முதியவர்கள் தம் கால்களை அறியாமலே அசைத்துக்கொண்டிருந்தனர். அந்த நெகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாற்று மாணவராகப் பார்க்கையில் குரங்குப் பெடல் ஓர் ஆவணமும் ஆகும். குழந்தையின் உடலுக்கென வண்டி வாங்கித்தர இயலாத பொருளாதாரத்தை, வளர்ந்த ஆணின் உடலையே மானுட அளவாகக் கொண்ட தொழிற்சாலையை, அவ்விரண்டையும் மீறிக் கற்றுக்கொண்ட பிள்ளைகளின் வேட்கையை அது ஒருசேரப் பதிந்து வைத்திருக்கிறது.

பெண்களுக்கு வேறொரு பிரிவினை காத்திருந்தது. நம் சந்தை மிதிவண்டியை உடலளவால் பிரிக்கவில்லை, பாலினத்தால் பிரித்தது. தண்டு உள்ளது ஆணுக்கு, தண்டு இல்லாதது பெண்ணுக்கு. நூற்று எண்பது சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணும் நூற்று அறுபது உள்ள ஆணும் ஒரே வண்டியில் ஏறினர். அரசுகள் இந்நூற்றாண்டில் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய வண்டிகளும் மாணவர் வண்டி, மாணவியர் வண்டி என்ற அதே பாகுபாட்டைத்தான் தொடர்ந்தன. அவ்வண்டிகள் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான தொலைவைச் சுருக்கிய நன்மை பெரிது. நான் சுட்டுவது வகைப்படுத்தும் முறையை மட்டுமே.

4. புதுக்கோட்டைப் பெண்கள் தேர்ந்த வண்டி

உடற்பொருத்தம் என்றால் கால் நீளமும் கை நீளமும் மட்டும்தானா? இந்த வினாவுக்கு நம்மிடம் உள்ள சிறந்த விடை புதுக்கோட்டையிலிருந்து வருகிறது.

1991-இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் இணைத்தது அவருடைய எண்ணம். பி. சாய்நாத் 1996-இல் வெளியிட்ட ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ நூலில் இந்த நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். பதினெட்டு மாத அளவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் ஓட்டக் கற்றனர் என்பதும், அவர்களுள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொது இடங்களில் நடந்த போட்டிகளில் கலந்துகொண்டனர் என்பதும் அவர் தரும் எண்ணிக்கை. கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், ஊர்ச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் அதில் இருந்தனர்.

பெண்கள் வண்டிக்கு அப்போது கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பலர் ஆண்கள் வண்டியையே வாங்கினர். கிடைக்காததால் வாங்கினர் என்பது பாதி உண்மை. சிலர் ஆண்கள் வண்டியை விரும்பியே தேர்ந்தனர். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலான அந்தக் குறுக்குத்தண்டு. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். பாவாடைக்கு ஏற்றதென்று கவென்ட்ரியிலும் பர்மிங்காமிலும் தீர்மானிக்கப்பட்ட ‘பெண் வண்டி’, குழந்தையும் குடமும் சுமக்கவேண்டிய ஒரு தமிழ்ப் பெண்ணின் நாளுக்குப் பொருந்தவில்லை.

இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சற்று அமைதியாகிவிடுகின்றனர். பொருத்தம் என்பது உடலுக்கும் வண்டிக்கும் இடையிலான கணக்கு மட்டுமாக இருந்திருந்தால், அப்பெண்கள் செய்தது தவறான தேர்வு. வேலையையும் பாதையையும் அந்தக் கணக்கில் சேர்த்தால், அவர்களே சரியாக அளந்தவர்கள். வண்டியில் எதைச் சுமப்போம், எங்கே போவோம் என்பதை அறிந்தவர் ஓட்டுபவரே, விற்பவர் அல்லர்.

5. அளவுகோல் வந்த வழி

பந்தய உலகில் அளவு வேறொரு பாதையில் வளர்ந்தது. மலையேற்றத்துக்குப் பல கியர் வேண்டும் என்று பிரான்சின் சேன்-எத்தியேன் நகரத்துப் பால் தெ விவி நெடுங்காலம் வாதாடினார். அக்காலப் பந்தயக்காரர்கள் அதைக் கிழவர்களுக்கான வசதி என்று எள்ளினர். சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கியர் அமைப்பை டூர் தெ பிரான்ஸ் பந்தயம் ஏற்றுக்கொண்டது 1937-இல்தான். உடலின் ஆற்றலுக்கு ஏற்ப இயந்திரம் மாறவேண்டும் என்ற எளிய கருத்தை ஏற்கப் பந்தய உலகுக்கே அவ்வளவு காலம் ஆயிற்று. அங்கும் ‘பழகிவிடும்’ என்ற சொல்லே குறுக்கே நின்றது எனலாம்.

இருக்கையின் உயரத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்தது அதன் பின்னர். 1967-இல் ஹாம்லி, தாமஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, உட்கால் நீளத்தின் 109 விழுக்காட்டை இருக்கைக்கும் கீழே நிற்கும் மிதிக்கும் இடையிலான தொலைவாகப் பரிந்துரைத்தது. 1980-களில் பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார் வழியாகவும் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் வழியாகவும் 0.883 என்ற பெருக்கெண் பரவியது. உட்கால் நீளத்தை அதனால் பெருக்கினால், மிதி அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை உள்ள உயரம் கிடைக்கும். இவை இரண்டும் தொடக்கப்புள்ளிகள். இறுதி விதிகள் ஆகா. ஆனால் இருக்கை எங்கே நிற்கவேண்டும் என்ற கேள்விக்குத் துருப்பிடித்த திருகாணியைவிட நல்ல விடை இருக்கிறது என்பதை இவை நிறுவின.

இன்னொரு திருப்புமுனை 1985. இயந்திரப் பொறியாளரான ஜார்ஜினா டெர்ரி அமெரிக்காவில் பெண்களுக்கென ஒரு மிதிவண்டி நிறுவனத்தைத் தொடங்கினார். உயரம் குறைந்தவர்க்குச் சட்டகத்தைச் சிறிதாக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது: முன்சக்கரம் முழு அளவிலேயே இருந்தால், திருப்பும்போது காலின் நுனி சக்கரத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க உற்பத்தியாளர்கள் சட்டகத்தின் உயரத்தைக் குறைத்து, நீளத்தைக் குறைக்காமல் விட்டுவிடுவர். பார்வைக்குச் சிறிய வண்டி. கைக்கோ எட்டாத வண்டி. டெர்ரி முன்சக்கரத்தை 24 அங்குலமாகச் சுருக்கி, சட்டகத்தின் நீளத்தையும் குறைத்தார். உடலை மாற்றச் சொல்வதற்குப் பதிலாகச் சக்கரத்தை மாற்றினார்.

1990-களின் இறுதியில் ஜயன்ட் நிறுவனத்துக்காக மைக் பரோஸ் வடிவமைத்த சரிவான மேல்தண்டுச் சட்டகம் வேறு திசையில் சென்றது. சில அளவுகளே போதும், மீதியை இருக்கைத்தண்டையும் கைப்பிடி இணைப்பையும் மாற்றிச் சரிசெய்யலாம் என்பது அதன் தருக்கம். தொழிற்சாலைக்கும் கடைக்கும் அது சிக்கனம். நடுத்தர உடலுடையோர்க்கும் நன்மை. இரு ஓரங்களில் நிற்போர் மீண்டும் ஓரத்திலேயே நின்றனர். நம் சந்தைக்கு இன்று வரும் ரோடு பைக்குகளில் பெரும்பாலானவை இந்த மரபின் வழித்தோன்றல்கள்.

6. கணவாயும் மலைச்சாலையும்

இனி நம் நிலத்துக்கு வருவோம். பாலக்காட்டின் தமிழ் எல்லையும் இடுக்கியின் தமிழ் எல்லையும் ஒரே மாநிலத்துக்குள் இருப்பினும், மிதிவண்டிக்கு அவை இரண்டு உலகங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத்தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள திறப்பு. கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எனச் சோதனைச்சாவடிகள் வழியே செல்லும் சாலைகள் மெல்லிய ஏற்ற இறக்கம் உடையவை. கியர் இல்லாத பழைய வண்டி இங்கே தலைமுறைகளாகச் செழித்ததற்கு அதுவே காரணம். இங்குள்ள எதிரி காற்று. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே கிழக்கு நோக்கிப் பாயும் காற்றை எதிர்த்துச் சித்தூருக்குத் திரும்பியவர்க்குத் தெரியும். ரோடு பைக்கின் வளைந்த கைப்பிடி உடலைத் தாழ்த்திக் காற்றைக் கிழிக்க உதவும். ஆனால் கைப்பிடி எட்டாத தொலைவில் இருந்தால் தாழ்ந்து பிடிக்கவே இயலாது. அந்த வளைவு வெறும் அணியாக நின்றுவிடும்.

இடுக்கியின் கதை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறும் சாலைகளும் அவ்வாறே வளைந்து வளைந்து செல்பவை. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுவதை இச்சாலைகளில் காணலாம். மிதிவண்டி இங்கே வாழ்க்கைக் கருவியாக வேரூன்றவில்லை.

அதன் காரணத்தைக் கணக்கிட்டே காட்டலாம். பழைய வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொள்வோம். மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். செங்குத்தான ஏற்றத்தில் சாதாரண மனிதர் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் செல்வதே பெரிது. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 23 சுற்றுதான் மிதிக்க முடியும். அது மிதிப்பதன்று, ஒவ்வொரு சுற்றிலும் தன் எடையைத் தூக்குவது. முன்னே 34, பின்னே 34 பல் உள்ள இன்றைய வண்டியில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 சுற்று வரும். முழங்கால் தாங்கும். மலைநாட்டார்க்குக் கியரும் உடற்பொருத்தத்தின் ஒரு பகுதியே.

7. முதல் வண்டி தேர்வோர்க்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து முதல் ரோடு பைக் வாங்குவோர் எடுத்துக்கொள்ளக் கூடியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். செருப்பின்றிச் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தின் முதுகைக் கவட்டில் அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் அதுவே உட்கால் நீளம். என் மாணவிக்கு அது 70 சென்டிமீட்டர். 0.883-ஆல் பெருக்கினால் 61.8. இருக்கை அந்த உயரத்துக்கு இறங்க இடமுண்டா, இறங்கியபின்னும் தண்டின் மேல் கால் ஊன்றி நிற்க முடிகிறதா என்று பாருங்கள்.

இருக்கை உயரத்தை எந்த வண்டியிலும் ஓரளவு சரிசெய்துவிடலாம். சட்டகத்தின் நீளத்தை அப்படிச் சரிசெய்ய இயலாது. எனவே ஒட்டியிருக்கும் 48, 52, 54 போன்ற எண்களை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 52 மற்றொன்றின் 50-ஐ ஒத்திருக்கலாம். மிதி அச்சிலிருந்து கைப்பிடிக்குழலின் மேல்நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு முன்னே இருக்கிறது என்ற இரண்டு அளவுகளை நிறுவனங்கள் இப்போது வெளியிடுகின்றன. ‘ஸ்டாக்’, ‘ரீச்’ என்று அவற்றைக் குறிப்பிடுவர். இரண்டு வண்டிகளை ஒப்பிட அவையே நேர்மையான அளவு. இரு அளவுகளுக்கு நடுவே நீங்கள் நின்றால், பொதுவாகச் சிறியதைத் தேர்வது நல்லது. சிறியதைச் சற்று நீட்டலாம், பெரியதை வெட்ட முடியாது.

கைப்பிடி எட்டவில்லை என்பதற்காக இருக்கையை முன்னே தள்ள யாரையும் அனுமதிக்காதீர்கள். இருக்கையின் இடத்தைக் கால் முடிவு செய்யவேண்டும்; கைப்பிடியின் இடத்தைக் கையும் முதுகும் முடிவு செய்யவேண்டும். கைப்பிடியைச் சட்டகத்தோடு இணைக்கும் தண்டை ஓரிரு சென்டிமீட்டர் குட்டையானதாக மாற்றலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் வண்டியே தவறு. பிரேக்கு விரலுக்கு எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். சிறிய கைகளுக்காக அதை நெருக்கி வைக்கும் திருகு பெரும்பாலான வண்டிகளில் உண்டு. கடைக்காரர் அதைத் தொட்டிருக்கமாட்டார்.

வாங்குமுன் கடைவாசலில் வட்டமடித்துப் பார்த்துத் திருப்தி கொள்ளாதீர்கள். அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். தசைச்சோர்வு பழக்கத்தால் போகும். புதிய ஓட்டுநர்க்குத் தொடையும் பிட்டமும் சில வாரம் வலிப்பது இயல்பு. மரத்துப்போகும் கையும், மூட்டில் குத்தும் வலியும் வேறு வகை. அவை பழக்கத்தைக் கேட்கவில்லை, மாற்றத்தைக் கேட்கின்றன.

இறுதியாக, புதுக்கோட்டைப் பெண்களை நினையுங்கள். எதைச் சுமப்பீர்கள், எந்தச் சாலையில் போவீர்கள் என்று உங்களையே கேளுங்கள். நாள்தோறும் புத்தகப்பையோடு கல்லூரிக்குச் செல்பவர்க்குக் கேரியர் மாட்டும் துளை உள்ள, சற்றே தடித்த டயர் ஏற்கும், கைப்பிடி உயர்ந்த வண்டி பொருந்தும். அது பந்தய வண்டிபோல் தோன்றாது என்பதற்காகத் தயங்கவேண்டியதில்லை.

8.

மாணவி அந்த வண்டியை விடுதியருகே வசிக்கும் உயரமான ஒருவருக்கு விற்றார். இரண்டு மாத உதவித்தொகைக்குச் சமமான இழப்பு. தவறான அளவின் விலையை எப்போதும் ஓட்டுபவரே செலுத்துகிறார் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. பிறகு கோயம்புத்தூரில் பழைய வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்தார்: சிறிய சட்டகம், பின்னே 34 பல், கொஞ்சம் கீறல். அளவுநாடாவோடு கடைக்குள் சென்றபோது கடைக்காரர் சிரித்தாராம். ஓர் எண்ணை இவர் சொன்னதும் சிரிப்பை நிறுத்தித் தாமும் குனிந்து அளந்தாராம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது கூடலூரிலிருந்து குமுளிக்கு மிதித்தே ஏறியிருக்கிறார். வழியில் இருமுறை இறங்கி நின்றாராம், மூச்சு வாங்குவதற்காக. “கை மரத்துப்போகவில்லை அக்கா” என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லை ஊர்களின் வாடகை மிதிவண்டிக் கடைகள் அநேகமாக மூடப்பட்டுவிட்டன. யார், எந்த வண்டியை, எத்தனை மணிக்கு எடுத்து எத்தனை மணிக்குத் திருப்பினர் என்று அவர்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் நம் சமூக வரலாற்றின் அரிய மூலங்கள். உங்கள் ஊரில் யாரிடமேனும் அப்படி ஒன்று பரணில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் எனக்குத் தெரிவியுங்கள். குரங்குப் பெடலுக்கு உங்கள் பகுதியில் வேறு பெயர் வழங்கியிருந்தால் அதையும் கீழே எழுதுங்கள். குறிப்பாகப் பெண்கள் எழுதவேண்டும். நாம் எந்த வண்டியில், எந்தக் கோணத்தில் வளைந்து கற்றோம் என்பது இன்னும் சரியாகப் பதிவாகவில்லை.